விரல் சொன்ன கணக்கு

காலையில் முகம் துடைத்துவிட்டு, குழாயில் தேங்கியிருந்த சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு, கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்த பிறகு டாக்டர் நவநீதன் அருகில் வந்து குனிந்தார். “டீச்சர், இன்னிக்கு மிஷினோட உதவியைக் குறைக்கப் போறோம். இனி நீங்களா மூச்சு எடுக்கணும். ஆக்ஸிஜனையும் கொஞ்சங்கொஞ்சமா இறக்குவோம். விரல்ல கிளிப் மாட்டியிருக்கு பாருங்க, அது காட்டுற நம்பர் தொண்ணூத்திரண்டுக்குக் கீழ போகாம நாங்க பார்த்துக்குவோம். எல்லாம் நல்லா வந்தா குழாயை எடுத்துடலாம். சரியா?” சந்தனமாரி கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். சரி என்பதற்கு அதுதான் இப்போது பேச்சு. வாய்க்குள் பெருவிரல் தடிமனுக்கு ஒரு குழாய், அது குரல்வளையைத் தாண்டி நெஞ்சுவரை இறங்கியிருக்கிறது, கன்னம் இரண்டிலும் பிளாஸ்திரி, நாக்கைத் திருப்ப இடமில்லை. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் அந்தக் கோடியில் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிற பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பும், அப்பேர்ப்பட்ட குரல் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறதோ. தூத்துக்குடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் அவள். காய்ச்சல்தானே, ஸ்போர்ட்ஸ் டே முடியட்டும் முடியட்டும் என்று மாத்திரையை விழுங்கிக்கொண்டு வெயிலில் நின்றவள், ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்கு விசிலை வாயில் வைத்தாள், ஊத மூச்சு வரவில்லை. இரண்டு பக்கமும் நிமோனியா என்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யாரோ அவளுக்குச் சொன்ன கதை மாதிரி. மயக்கத்திலேயே போட்டு வைத்திருந்தார்கள், மிஷின்தான் மூச்சு விட்டது, நெஞ்சு அதுபாட்டுக்கு ஏறி இறங்கியது. கண் விழித்தபோது கைகள் இரண்டும் துணியால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று. ரெண்டு நாளாக அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கியாகிவிட்டது.

ஜெனிஃபா சிஸ்டர் மிஷினில் ஏதோ திருகினாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், பேச்சே ஒரு தினுசாக இழுக்கும். “பேடிக்காதீங்க டீச்சர், ஒரு பயமும் வேண்டாம், நான் இங்கேயேதான் நிப்பேன்.” ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருந்த கை சட்டென்று விலகியது மாதிரி இருந்தது. ஊஞ்சல் இன்னும் ஆடுகிறது, ஆனால் இனி உந்துவது தன் கால்தான். இழுத்தாள். வந்தது. குழாய் வழியாக, ஒடுங்கலாக, பனங்கிழங்கு நாரைப் பல்லிடுக்கில் இழுக்கிற மாதிரி வந்தது, ஆனாலும் வந்தது, தன்னுடையது. இன்னொன்று. இன்னொன்று. இவ்வளவுதானா? இதற்கா இவ்வளவு பயந்தோம்? மூச்சு அவளுக்குப் புதுசா என்ன? கபடியில் பாடிப் போகிறவள்தானே அவள், பள்ளிக்கூடத்துக்கு, கல்லூரிக்கு, பிறகு மாவட்டத்துக்கு. பாடிப் போகிறவளுக்கு மூச்சுதான் மூலதனம். ஒரே மூச்சு, அதற்குள் போய், தொட்டு, திரும்பிக் கோட்டை மிதித்துவிட வேண்டும், நடுவில் பாட்டு அறுந்தால் ஆள் அவுட். எதிரணிக்காரிகள் இவள் கால் எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். இவளோ உள்ளுக்குள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விலாவுக்கு அடியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது, இன்னும் ரெண்டு எட்டு வைக்கலாமா, ஒரு எட்டுதானா. அது ஒரு கணக்கு, யாரும் சொல்லிக் கொடுக்க முடியாத கணக்கு. தலைக்குப் பின்னால் மானிட்டர் டிக், டிக் என்று ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டிருந்தது. நம்பர் இறங்கினால் அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும் என்று ஜெனிஃபா சொல்லியிருக்கிறாள். திரும்பிப் பார்க்க முடியாதவளுக்கு அந்தச் சத்தம்தான் கண். “தொண்ணூத்தி நாலு, டாக்டர்,” என்றாள் ஜெனிஃபா. “சூப்பர். ஆக்ஸிஜன் இன்னும் கொஞ்சம் இறக்குங்க.”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் புருஷன் ஐயம்பெருமாள் வந்து நின்றான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறான், சட்டையில் அந்த மஞ்சள் பட்டைகூட இருக்கிறது. உயரத்தில் உட்கார்ந்து கீழே கண்டெய்னரைப் பார்த்துப் பழகின கண், இப்போது அவளைப் பார்க்கவில்லை, அவள் தலைக்கு மேலே மானிட்டரைத்தான் பார்க்கிறது. அந்தப் பெட்டியில் எந்தக் கோடு எது, எந்த நம்பர் எது என்று எல்லாம் படித்து வைத்திருக்கிறான். பச்சை இருதயம், நீலம் ஆக்ஸிஜன். நீலத்தைப் பார்த்தான், முகம் மலர்ந்தது, கட்டைவிரலை உயர்த்தினான். உதடு அசைந்தது. நல்லாப் போகுதுட்டி. அவளும் விரலை உயர்த்தினாள், கிளிப் மாட்டாத கைவிரலை. அவன் முகத்தில் தாடி வளர்ந்திருந்தது. இன்றைக்குக் குழாய் வெளியே வந்துவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சவரம் செய்துகொள்வான். இன்றைக்கு வந்துவிடும். வந்துவிட வேண்டும். அவன் இப்படிக் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது எப்படி வராமல் போகும்?

மூச்சை எண்ணக் கூடாது, எண்ணினால் அது தடுமாறும், அதனால் வேறு எதையாவது நினைக்கலாம் என்று பிள்ளைகளை நினைத்தாள். சீனியர் டீம். காலையில் மைதானத்துக்கு வந்ததும் வருகைப் பதிவெல்லாம் கிடையாது, முகத்தைப் பார்த்தே பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கனியம்மாள், ரெபேக்கா, முத்துப்பேச்சி, நஸ்ரின், சுடலைவடிவு, பிரின்ஸி, அப்புறம் அந்த இடது மூலையில் நிற்பாளே, கணுக்காலைப் பிடித்தால் முதலைப் பிடி, புருவத்தில் தழும்பு, அவள். அவள் பேர். கனியம்மாள், ரெபேக்கா, முத்துப்பேச்சி. மதியம் சாப்பாட்டில் எப்பவும் புளிச்சோறுதான் கொண்டு வருவாள், அடுத்த பிள்ளையின் முட்டையைப் பார்ப்பாள், நான் என் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன், அவள் எடுத்துக்கொள்வாள், இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது. பேர் இல்லை. சரி, வரும். நஸ்ரின், சுடலைவடிவு. நெற்றியில் வேர்த்தது. ஏசி இப்படி ஓடுகிறது, எதற்கு வேர்க்கிறது? ஜெனிஃபா பஞ்சால் ஒற்றி எடுத்தாள். “வேர்க்குதா டீச்சர்? அதான் வேலை செய்றீங்கல்லா, வேர்க்கத்தான் செய்யும்.” ஆமாம், வேலை செய்கிறேன். வேர்வை ஒரு நாளும் புதுசில்லை. வெயில் புதுசில்லை. ஏட்டி வெயில்ல நிக்காத, ஏற்கெனவே இந்த நிறம், இன்னும் கறுத்துப் போனா எவன் கட்டுவான் என்று அம்மா வாசலில் நின்று கத்துவாள். பேரோ சந்தனமாரி. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பேர் கேட்ட டீச்சர் சிரித்துவிட்டாள், சந்தனமா, இதுவா? அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அதுதான் வலித்தது. போட்டோ ஸ்டுடியோக்காரர் கல்யாணத்துக்கென்று எடுத்த படத்தை அவளைக் கேட்காமலே வெளுப்பாக்கிக் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நேரில் பார்த்ததும் காப்பியைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகுது என்று எழுந்து போனார்கள். அடுத்து ஐயம்பெருமாள் வீட்டார் வந்த அன்றைக்கு அம்மா இவளுக்குக் கழுத்துவரை பவுடரை அப்பியிருந்தாள், பங்குனி வெயில், பவுடர் வேர்வையில் கோடு கோடாக வழிகிறது, தட்டோடு வந்து நிற்கிறாள், எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். அவன் மட்டும் தன் அக்காவிடம் மெதுவாகச் சொன்னான், ஆனால் எல்லார் காதிலும் விழுந்தது, அவங்களுக்கு ரொம்ப வேர்க்குது, போய் முகத்தைக் கழுவிட்டு வரச் சொல்லுக்கா. கழுவிவிட்டு வந்தாள். ஈர முகத்தோடு வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு மூச்சு எவ்வளவு லேசாக இருந்தது.

இப்போது லேசாக இல்லை. கனமாகவும் இல்லை, அதுதான் பிடிபடவில்லை. காற்று உள்ளே போகிறது, வெளியே வருகிறது, குறை சொல்ல முடியாது, ஆனால் போன காற்று எதையும் கொண்டுவந்து கொடுக்காமல் வெறும் கையோடு திரும்புகிற மாதிரி இருக்கிறது. டிக் டிக் என்பது டிக்டிக்டிக் என்றாகியிருந்தது. சுருதி மாறவில்லை, வேகம்தான் கூடியிருந்தது. “எவ்வளவு?” “தொண்ணூத்தி மூணு, டாக்டர். ஸ்டெடியா நிக்குது.” “குட்.” குட் என்றால் குட்தான். படித்தவர் சொல்கிறார். நல்ல பையன், கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒருநாளும் கோபப்பட்டுப் பார்த்ததில்லை, டீச்சர் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார், எழுப்பும்போதுகூடத் தோளைத் தொட்டுத்தான் எழுப்புவார். அவருக்குத் தெரியாதா? நம்பர் நன்றாக இருக்கிறது, அப்படியென்றால் இது பயம். இது பயம்தான். மேட்ச்சுக்கு முன்னால் கழிப்பறைக்கு ஓடுவோமே, அது. இத்தனை நாள் தாங்கிப் பிடித்திருந்ததை விட்டதும் வருகிற பயம். சந்தனமாரி, உனக்கு ஒன்றுமில்லை. கனியம்மாள். ரெபேக்கா. அப்புறம். ரெபேக்காவுக்கு அப்புறம் யார்? கால்மாட்டில் மடித்து வைத்திருக்கிற பச்சைத் துணி மெதுவாக மூச்சு விட்டது. துணி எப்படி மூச்சு விடும்? கண்ணைச் சிமிட்டினாள், துணி துணியாகவே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஐயம்பெருமாள் இருந்தான், இல்லை, அவன் அப்பா நின்றார். அவர் செத்து எவ்வளவோ காலமாயிற்று, மஞ்சள் பட்டை போட்ட சட்டையோடு அவர் ஏன் வர வேண்டும்? இல்லை, அவன்தான். கட்டைவிரல் இன்னும் உயர்ந்தே இருக்கிறது. அந்த விரலுக்காகவாவது. இன்னும் கொஞ்சம். உள்ள போ, உள்ள போ என்று கத்துகிறார்கள்.

கத்துகிறார்கள், ஆமாம், கோவில்பட்டியில், மண்டலப் போட்டியில், கூட்டம் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டது. ஒரே ஒரு பாயிண்ட் வேண்டும். எதிரில் மூன்று பேர்தான் மிச்சம், மூலையில் நிற்கிறவள் தடுமாறி நிற்கிறாள், கையை நீட்டினால் தொட்டுவிடலாம், கோச் தாணுலிங்கம் சார் கோட்டுக்கு வெளியே குதிக்கிறார், உள்ள போ சந்தனம், உள்ள போ. அவள் பாடிக்கொண்டிருக்கிறாள், பாட்டு இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது, வெளியே நிற்கிற யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் விலாவுக்கு அடியில் அந்த இடம் காலி. காதுக்குள் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு இரைச்சல், வெயில் ஒரு நொடி மங்கி மறுபடி எரிகிறது. திரும்பினாள். ஒன்றும் தொடாமல் கோட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். கூட்டம் ஊளையிட்டது. சார் வாய்க்கு வந்தபடி ஏசினார், கைக்கெட்டினதை விட்டுட்டு வந்திருக்கியே, என்ன பயமா? பயமில்ல சார், மூச்சு இல்ல. நல்லாத்தானட்டி பாடிக்கிட்டிருந்த? பாட்டு வெளியில கேக்கும் சார், மூச்சு எனக்குத்தான் தெரியும். அடுத்து கனகா போனாள், அதற்கடுத்து மறுபடி இவள் போனாள், அந்த மேட்ச் என்னவாயிற்று, ஜெயித்தோமா? அது இப்போது ஞாபகம் வரவில்லை. திரும்பினது மட்டும் ஞாபகம் இருக்கிறது, உள்ளங்காலில் கோட்டுச் சுண்ணாம்பு.

அந்த இரைச்சல். அதேதான் இப்போது காதுக்குள். பயத்துக்கு இந்தச் சத்தம் கிடையாது. பயம் வயிற்றில் வரும், இது காதில் வருகிறது. அவள் இடது கையைத் தூக்கினாள். தூக்க முடிந்ததே பெரிய காரியம், கை ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. வலது கையின் விரல்களை மேல்நோக்கி நிறுத்தி, அதன் தலையில் இடது உள்ளங்கையைப் படுக்க வைத்தாள். டைம்-அவுட். உலகத்தில் எந்த மைதானத்திலும் இதுதான் அர்த்தம். ஜெனிஃபா குனிந்தாள். “என்ன டீச்சர்? தண்ணி வேணுமா? குழாய் இருக்கும்போ தண்ணி குடுக்கக் கூடாது, உதட்டை நனைச்சு விடட்டா?” இல்லை என்று தலையை ஆட்டினாள். குழாய் இழுத்தது, இருமல் வந்தது, மானிட்டர் கூச்சல் போட்டது, ஜெனிஃபா சளியை உறிஞ்சினாள், நெஞ்சே அந்தக் குழாய் வழியாகப் போய்விடும்போல இருந்தது. மறுபடியும் கையைச் சேர்த்தாள். டைம்-அவுட். கண்ணாடிக்கு வெளியே ஐயம்பெருமாள் அதைப் பார்த்தான், அவனுக்கும் விளங்கவில்லை, கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவனும் கையைக் குவித்தான். அட மனுசா. அழுகை வந்தது. டாக்டர் வந்தார். “என்ன டீச்சர், டென்ஷனா? நம்பர் நல்லாதான் இருக்கு. தொண்ணூத்தி மூணு. பயப்படாதீங்க, மெதுவா இழுத்து விடுங்க, என்னோட சேர்ந்து, ம்… ம்…” அவர் சொல்லச் சொல்ல அவளும் இழுத்தாள். கூட வந்து மூச்சு விடுகிற டாக்டர் எத்தனை பேருக்குக் கிடைப்பார். இவரை ஏமாற்றக் கூடாது. இவரை, வெளியே கை குவித்து நிற்கிறவனை, முட்டைக்காகக் காத்திருக்கிற அந்தப் பேர் இல்லாத பிள்ளையை. இன்னும் ரெண்டு எட்டு. ஒரு எட்டு. “டாக்டர், ரொம்பப் பதறுறாங்க,” என்று ஜெனிஃபா தணிந்த குரலில் சொன்னாள். “ஹார்ட் ரேட்டும் ஏறுது. லேசா ஒரு தூக்க ஊசி போட்டுரலாமா?”

அது காதில் விழுந்ததும் இரைச்சலையெல்லாம் தாண்டி மனம் ஒரு நொடி கண்ணாடி மாதிரி தெளிந்தது. தூங்க வைத்துவிட்டால் சொல்ல ஆள் இருக்காது. உள்ளே இருப்பவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அவளையும் தூங்க வைத்துவிட்டால் விரலில் மாட்டியிருக்கிற அந்தக் கிளிப் மட்டும்தான் பேசும், அது நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்றே சொல்லிக்கொண்டிருக்கும், ஐயம்பெருமாள் நீலத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்பான். கிளிப் மாட்டிய கையால் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கினாள். பலமில்லாத பிடிதான், பச்சைப்பிள்ளை பிடிக்கிற மாதிரி, ஆனாலும் விடவில்லை. இன்னொரு கையின் விரலால் அந்தக் கிளிப்பைத் தட்டினாள். தட்டிவிட்டு அதே விரலை இல்லை, இல்லை என்று ஆட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தட்டினாள். இது இல்லை. இது. டாக்டர் அவள் முகத்தையே பார்த்தார். இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் இது வேறு பார்வை, ஸ்டுடியோக்காரர் வெளிச்சத்தைச் சரிசெய்யும் முன்னால் வெறுங்கண்ணால் பார்ப்பாரே, அது போல. குனிந்து அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். குழாயின் ஓரமாக டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் கை, அதன் கீழே அவருடைய கை, ரெண்டையும் பார்த்தார். “ஊசி வேண்டாம் சிஸ்டர். முதல்ல ஆக்ஸிஜனைப் பழையபடி ஏத்துங்க. ஏ.பி.ஜி. எடுத்துப் பார்த்துடுவோம்.” பிறகு அவளிடம், “மணிக்கட்டுல நாடியிலேருந்து கொஞ்சம் ரத்தம் எடுக்கணும் டீச்சர். இந்த ஊசி வலிக்கும். அதைப் பார்த்துட்டுத்தான் மேற்கொண்டு எதுவும் செய்வோம். கையை அசைக்காம வெச்சுக்குவீங்களா?” கண்ணை மூடித் திறந்தாள்.

வலித்தது. எலும்புக்குள் தீக்குச்சியைக் கிழித்த மாதிரி. அதைக்கூட அவள் விரும்பினாள், அந்த வலியில் ஒரு பொய்யும் இல்லை. ஊசிக்குழாயில் ரத்தம் தானாக ஏறியது. அவளும் பார்த்தாள். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருகிற பிள்ளைகளின் ரத்தத்தை ஆயுசு முழுக்கத் துடைத்தவள், ரத்தத்தின் நிறம் தெரியும். இது நாவல் பழத்தை நசுக்கின நிறத்தில் இருந்தது. டாக்டரின் முகம் அப்போதே மாறிவிட்டது. ஜெனிஃபா அதை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த சின்ன மிஷினுக்கு ஓடினாள். மிஷின் சீட்டைக் கக்கினதும் அங்கிருந்தே சொன்னாள். “டாக்டர், எண்பத்தி மூணு.” “இங்க தொண்ணூத்தி மூணு,” என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். நம்பவே முடியாதவர் போல ஒரு நொடி. அடுத்த நொடி மிஷினின் முழு உதவியையும் அவரே திருகி வைத்தார். உந்துகிற கை திரும்பி வந்தது. நெஞ்சு தானாக நிமிர்ந்தது, தானாகத் தாழ்ந்தது. தோற்றுப்போயாச்சு, என்று அவள் நினைத்தாள். நினைப்பில் வருத்தம் இல்லை. இரைச்சல் கொஞ்சங்கொஞ்சமாகப் பின்வாங்கியது, பஸ் தூரப் போகிற மாதிரி. ஜெனிஃபா அவள் தாடையில் வழிந்ததைத் துடைத்தாள், “மன்னிச்சுக்கங்க டீச்சர், எனக்குத் தெரியலியே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் புறங்கையைச் சந்தனமாரி ரெண்டு விரலால் தட்டிக்கொடுத்தாள். தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, யாரும் கேட்காமல், தேடாமல், இசக்கியம்மாள் என்று அந்தப் பேர் வந்தது. இசக்கியம்மாள். சரி.

பிறகு டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்கு வெளியே நின்றவனையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். ஐயம்பெருமாள் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரோ கொடுத்த நீல அங்கியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வந்து நின்றான். “இந்தக் கிளிப் விரலுக்குள்ள ஒரு வெளிச்சத்தை அனுப்பி, ரத்தத்தோட நிறத்தை வெச்சுக் கணக்குப் போடுது சார். தோல் கறுப்பா இருந்தா சில பேருக்கு அது நம்பரைக் கூட்டிக் காட்டும். படிச்சிருக்கேன். எல்லாருக்கும் அப்படி இல்ல, எப்பவும் அப்படி இல்ல, அதனாலதான் மறந்து போயிடுது.” சொல்லிவிட்டுத் தன் கையை அவள் கையோரமாகக் கட்டில்மேல் வைத்தார். “நானும் இதே நிறம்தான். என் விரல்ல மாட்டினாலும் இப்படி ஏமாத்தும். எனக்கே தோணலை பாருங்க. நீங்க கையைப் பிடிக்கலேன்னா நான் இன்னும் இறக்கியிருப்பேன்.” ஐயம்பெருமாள் மானிட்டரைப் பார்த்தான், அந்த நீல நம்பரை. காறித் துப்புவான் போல இருந்தது. “அப்போ இத்தனை நாளா நான் இதைப் பாத்துத்தான் சோறு தின்னேனா?” என்றான். சந்தனமாரிக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது, குழாய்க்குள் காற்று கெக்கெக்கென்றது, மானிட்டர் மறுபடி கூச்சல் போட, ஜெனிஃபா ஓடி வந்தாள். அம்மா அப்பின பவுடர், ஸ்டுடியோக்காரரின் வெளுப்பு, இப்போது இந்த மிஷின். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான், இவளை இருக்கிறதைவிட ஒரு படி நன்றாகக் காட்டிவிட வேண்டும் என்று. அந்த ஒரு படியில் உயிர் போகப் பார்த்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணீர் காதோரம் வழிந்தது, அவன் அதைத் தன் கைக்குட்டையால் ஒற்றினான், கைக்குட்டையில் கிரீஸ் வாடை, அந்த வாடையிலேயே தூங்கிப்போனாள். ஊசி இல்லாமல்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேறு கணக்கு என்று ஆயிற்று. கிளிப் எவ்வளவு காட்டினாலும் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆக்ஸிஜனைத் தொட்டார்கள். கட்டில் தலைமாட்டில் ஜெனிஃபா ஒரு அட்டை தொங்கவிட்டாள், இந்த நோயாளிக்கு ரத்தம் பார்க்காமல் குறைக்கக் கூடாது என்று, பெரிய எழுத்தில். மணிக்கட்டு இரண்டும் நீலம் பாரித்துப் போயின. நடுவில் ஒரு நாள் மறுபடி முயன்றார்கள், அன்றைக்கும் அவளே கையைச் சேர்த்துக் காட்டி நிறுத்தினாள். ரத்தமும் அவள் சொன்னதையே சொன்னது. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஐயம்பெருமாள் இப்போதெல்லாம் மானிட்டரைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று அவள் முகத்தைத்தான் பார்த்தான், கல்யாணம் ஆன புதுசில் பார்த்ததைவிட அதிக நேரம், அவளுக்கே கூச்சமாகிவிடும் அளவுக்கு. அவன் புருவம் சுருங்கினால் அவள் விரலை உயர்த்துவாள். பிறகு ஒரு முற்பகல், மழை ஓய்ந்து ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தபோது, இழுத்த மூச்சு வெறும் கையோடு திரும்பவில்லை. நெஞ்சில் ஏதோ இறங்கி, கொடுத்துவிட்டுப் போயிற்று. அவளுக்கு முதலில் தெரிந்தது, பிறகு ரத்தத்துக்குத் தெரிந்தது. “டீச்சர், பெருசா ஒரு இருமல் இருமுங்க,” என்றார் டாக்டர். குழாய் வந்துவிட்டது. தொண்டை புண்ணாக எரிந்தது. முகமூடியில் காற்று சில்லென்று வீசியது. “பேசாதீங்க, குரலுக்கு ஓய்வு குடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஐயம்பெருமாள் தகவல் தெரிந்து வந்துகொண்டிருந்தான். அவனிடம் முதலில் என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டே கிடந்தாள். சாப்பிட்டியளா என்று கேட்கலாம். தாடியை எடுங்க என்று சொல்லலாம். இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், எதுவும் போதவில்லை, எல்லாமே கூடுதலாகவும் இருந்தது.

அப்போதுதான் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருத்தியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நடுவில் பச்சைத் திரையை இழுத்துவிட்டார்கள். உப்பளத்தில் வேலை பார்க்கிறவளாம், கூட வந்த பெண் அழுதுகொண்டே சொன்னாள், காலையிலிருந்து மேல்மூச்சு வாங்குகிறது என்று. திரைக்கு அந்தப் பக்கம் இழுப்பும் முனகலும் கேட்டன. கிளிப் மாட்டும் சத்தம், மானிட்டர் பேச ஆரம்பிக்கும் சத்தம். “தொண்ணூத்தி ரெண்டு, டாக்டர்,” என்றாள் ஜெனிஃபா. சந்தனமாரி முகமூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “கையைக் காட்டுங்கம்மா,” என்று டாக்டரின் குரல். டார்ச்சைத் தட்டும் சத்தம். “ஏ.பி.ஜி. எடுத்துடுவோம், சிஸ்டர்.” ஊசியைப் பார்த்திருப்பாள் போல, அந்தப் பெண் மூச்சுக்கு நடுவே அலறினாள், வேண்டாம்யா, ஐயா வேண்டாம், கட்டில் கிறீச்சிட்டது, கையை இழுத்துக்கொள்கிறாள், “ஆடாதீங்கம்மா, ஒரு நிமிஷம்தாம்மா,” என்று ஜெனிஃபா கெஞ்சுகிறாள். சந்தனமாரி முகமூடியைத் தாடைக்குக் கீழே தள்ளினாள். வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்கினாள், கண்ணில் நீர் முட்டியது, மறுபடி திறந்தாள். துருப்பிடித்த தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு குரல் வந்தது, அவளுக்கே யாருடையது என்று தெரியவில்லை.

“கையை இழுக்காதத்தா. அவுக நல்லதுக்குத்தான் எடுக்காக. வலிக்கும். உசிருபோற மாதிரி இருக்கும், ஆனா சட்டுனு முடிஞ்சிரும். என் சத்தத்தையே கேட்டுக்கிட்டிரு.”

திரைக்கு அந்தப் பக்கம் அலறல் நின்றது. இழுத்து இழுத்து வாங்குகிற மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, பயந்த ஒரு குரல்.

“யாருக்கா அது?”

“பக்கத்துக் கட்டிலு,” என்றாள் சந்தனமாரி. “மெதுவா விடு. நானும் உன்கூடத்தான் விட்டுக்கிட்டிருக்கேன்.”